ரத்தம் எடுத்துப் போனவர்கள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணிக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. பேசியவர் மருத்துவக் கல்லூரி ஒன்றின் சமூக மருத்துவத் துறையைச் சேர்ந்த இளம் மருத்துவர். திருவள்ளூரிலிருந்து பேருந்தில் அரைமணி நேரத் தொலைவில் உள்ள ஒரு காலனிக்கு, சர்க்கரை நோய் பற்றிய ஆய்வுக்காகத் தன் குழுவோடு வந்திருப்பதாகச் சொன்னார். தெருமுனையிலேயே இளைஞர்கள் வேனை மறித்துவிட்டார்களாம். "சார், நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேட்பாங்கன்னு சொல்றாங்க. உங்க மக்களோட நல்லதுக்குத்தானே வந்திருக்கோம்" என்றார்.

'உங்க மக்கள்' என்ற சொல் உறுத்தியது. இருந்தாலும் போனேன்.

வேப்பமரத்தடியில் வேன் நின்றிருந்தது. ஐஸ் பெட்டி, காலிச் சோதனைக் குழாய்கள், எடை பார்க்கும் கருவி எல்லாம் இறக்கி வைத்தபடியே கிடந்தன. மறித்தவர்கள் ஒன்றும் முரடர்கள் அல்ல. ஐ.டி.ஐ. படித்துவிட்டு ஒரகடம் பக்கம் ஒப்பந்த வேலைக்குப் போகிற பையன்கள். அவர்களுக்கு முன்னால் நின்று பேசியது அறுபது வயது தாண்டிய ஓர் அம்மாள்.

"நாலு வருசத்துக்கு முன்னாடி இதே மாதிரி ஒரு வண்டி வந்துச்சு தம்பி. வெறும் வயித்துல வரச்சொல்லி ரத்தம் எடுத்தாங்கோ. ஒரு பன்னும் டீயும் குடுத்தாங்கோ. யாருக்கு இன்னா இருக்குதுன்னு இன்னிக்கு வரைக்கும் ஒருத்தரும் வந்து சொல்லல. எங்க வூட்டுக்காரருக்கு அப்பவே சக்கரை இருந்துக்குது. காலை எடுத்தப்புறம்தான் எங்களுக்குத் தெரிஞ்சுது."

அவர் கைகாட்டிய திண்ணையில் அந்தப் பெரியவர் உட்கார்ந்திருந்தார். வலது முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை.

முதலில் வந்த வண்டி வேறொரு கல்லூரியினுடையது. இளம் மருத்துவருக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை. அவர் முகம் வாடிப்போனதைப் பார்த்தேன். ஆனால், அந்தப் பெரியவரின் சர்க்கரை அளவு ஏதோ ஒரு கணினியில், ஓர் எண்ணுக்கு எதிரே, நான்கு ஆண்டுகளாக இருக்கிறது. ஆய்வுக்கட்டுரைக்குப் போய்ச் சேர்ந்த அந்த எண், இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்து சேரவில்லை.

"இனிமே எவன் வந்தாலும் ரத்தம் குடுக்கறதில்லண்ணா" என்றான் ஒரு பையன். அவன் கோபம் நியாயமானது. அவன் முடிவோடு எனக்கு உடன்பாடில்லை. அன்று அங்கே சொல்ல முயன்றதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

ஐக்கிய நாடுகள் சபையின் பெண்கள் அமைப்பு 2018-ல் வெளியிட்ட அறிக்கை ஒன்றில் ஒரு கணக்கு இருக்கிறது. இந்தியாவில் தலித் பெண்கள் இறக்கும்போது சராசரி வயது 39.5. உயர்சாதிப் பெண்களுக்கு 54.1. இடைவெளி ஏறத்தாழ 15 ஆண்டுகள். 2004-05 காலத்துக் கணக்கெடுப்பிலிருந்து எடுக்கப்பட்ட எண்கள் இவை. இந்த உண்மை வெளியே வந்ததற்குக் காரணம், கணக்கெடுக்க வந்தவர் கதவைத் தட்டி 'நீங்கள் என்ன சாதி' என்றும் கேட்டிருந்தார். நம் பெண்களும் பதில் சொல்லியிருந்தார்கள். கதவைச் சாத்தியிருந்தால் நம் சாவும் கணக்கில் வராமல் போயிருக்கும்.

இளம் மருத்துவரிடம் அவருடைய கேள்வித்தாளை வாங்கிப் பார்த்தேன். வயது, பாலினம், மதம், கல்வி, மாத வருமானம் எல்லாம் இருந்தன. சாதி இல்லை. ஏன் என்று கேட்டேன். "அதெல்லாம் கேட்டா பிரச்சினை ஆயிடும் சார். தவிர, ரத்தத்துல ஏது சாதி?" என்றார். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். ரத்தத்தில் சாதி இல்லை என்று நாம்தான் நூறு ஆண்டுகளாகத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கிறோம்! ஆனால், அந்த ரத்தம் ஓடுகிற உடம்பு எந்தத் தெருவில் வாழ்கிறது, எந்தத் தண்ணீரைக் குடிக்கிறது, என்ன வேலைக்குப் போகிறது, மருத்துவமனையில் எத்தனையாவது ஆளாக உள்ளே அழைக்கப்படுகிறது என்பதில் சாதி இருக்கிறதே. அவருடைய ஆய்வில் ஊரும் காலனியும் சேர்ந்து 'ஒரு கிராமம்'. இரண்டுக்கும் சேர்த்து ஒரு சராசரி வரும். நம் ஊர்களில் சுடுகாடே இரண்டாக இருக்கும்போது, சராசரி மட்டும் எப்படி ஒன்றாக இருக்க முடியும்?

நம் மாவட்டத்தின் கை

மருத்துவ ஆய்வு நமக்குப் புதிதல்ல. உலகத்தில் மருத்துவம் படிக்கிறவர்கள் பலருக்கும் நம் மாவட்டத்தின் பழைய பெயர் தெரியும். 'சிங்கிள்புட் டிரயல்' என்பார்கள். காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி. தடுப்பூசி உண்மையில் எந்த அளவுக்குப் பாதுகாக்கிறது என்று பார்க்க, 1968-ல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய ஆய்வு அது. இன்றைய திருவள்ளூர் பகுதிக் கிராமங்களும் அதில் அடங்கும். மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பதிவு செய்து, சுமார் 2 லட்சத்து 80 ஆயிரம் பேருக்குத் தடுப்பூசியோ, ஒப்பீட்டுக்கான வெற்றூசியோ போட்டு, 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்பதே கிடைத்த விடை. உலகம் முழுவதும் தடுப்பூசி பற்றிய கணக்குகளை மறுபடி போட வைத்த விடை அது.

பட்டியல் சாதியினரின் விகிதம் மாநில சராசரியைவிட அதிகமாக இருக்கிற மாவட்டம் இது. நீட்டப்பட்ட கைகளில் நம்முடையவை எத்தனை இருந்திருக்கும் என்று யூகிக்கலாம். என் பாட்டிக்கு அதுபற்றி நினைவிருந்ததெல்லாம், ஒரு ஜீப்பும் கையில் ஓர் ஊசியும் 'துரை மாதிரி' ஒருவரும்தான். அந்த ஊசி உலகத்துக்கு என்ன சொன்னது என்பதை நான் முப்பது வயதுக்கு மேல் ஒரு புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். அதற்குள் பாட்டி போய்விட்டாள்.

இதைவிட முந்திய கதை ஒன்று உண்டு. 1956-ல் சென்னையில் காசநோய் மருந்தியல் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் மூத்த வடிவம் அது. அந்தக் காலத்தில் காசநோய் என்றால் சானடோரியம். நல்ல காற்று, முழு ஓய்வு, பால், முட்டை. தாம்பரம் ரயில் தடத்தில் இன்னும் நிலையத்தின் பெயராக நிற்கிறதே, அதே சானடோரியம்தான். நோயாளிகளோ பல லட்சம். படுக்கைகளோ கைவிரல் விட்டு எண்ணக்கூடிய அளவு. சானடோரியத்தில் சேர்க்காமல், வீட்டிலேயே வைத்து மாத்திரை கொடுத்தால் குணமாகுமா என்று கேட்டது அந்த ஆய்வு.

நெருக்கடியான குடியிருப்புகளில் வாழ்ந்த சென்னையின் ஏழை நோயாளிகள் 193 பேர் அதில் பங்கேற்றார்கள். குலுக்கல் முறையில் ஒரு பாதி சானடோரியத்துக்குப் போனது, மறுபாதி வீட்டிலேயே இருந்தது. இரு பக்கமும் ஒரே மருந்து, ஓர் ஆண்டு. 1959-ல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குணமானார்கள். அரைவயிற்றுக் கஞ்சியோடு, ஒண்டுக்குடித்தனத்தில், வேலைக்கும் போய்க்கொண்டு குணமானார்கள். வீட்டில் இருந்த மற்றவர்களுக்கும் அதனால் நோய் கூடுதலாகப் பரவவில்லை என்பது தொடர்ந்து கவனித்ததில் தெரிந்தது. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம். லண்டனில் ஒரு நோயாளி தன் வீட்டிலேயே இருந்து குணமானதில், பெயர் தெரியாத சென்னைவாசிகளின் பங்கு இருக்கிறது. ஆய்வே வேண்டாம் என்று சொல்லும் தம்பிகளுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன்.

அந்தக் கதையில் எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு. சத்துணவு இல்லாமலும் மருந்து வேலை செய்கிறது என்ற அந்த முடிவு, போகப் போகச் சத்துணவு ஒரு பொருட்டே அல்ல என்பதாக மாறிப்போனது. பல பத்தாண்டுகள் காசநோய்த் திட்டம் என்றால் மாத்திரை மட்டும்தான். இது என் வாசிப்பு. மருத்துவர்கள் சிலரும் இப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கேள்வியை எழுதிய அறையில் சேரியிலிருந்து ஒரு பெண் உட்கார்ந்திருந்தால் என்ன கேட்டிருப்பாள்? "எனக்குக் குணமாவது இருக்கட்டும். எங்க வூட்டுல எல்லாரும் பட்டினி. நாளைக்கு எம் புள்ளைக்கு வந்தா?" என்று கேட்டிருப்பாள்.

அந்தக் கேள்வியை முறையாகக் கேட்க அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. ஆதிவாசி மக்கள் பெருமளவில் வாழும் ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் 2019 முதல் 2022 வரை ஓர் ஆய்வு நடந்தது. பெயரே 'ரேஷன்ஸ்'. காசநோயாளிகள் 2,800 பேர், அவர்களோடு ஒரே வீட்டில் வாழ்ந்தவர்கள் 10,345 பேர். நோயாளிகள் எல்லாருக்கும் உணவுப் பொருட்கள் தரப்பட்டன. ஒரு பிரிவில் மட்டும் வீட்டில் இருந்த மற்றவர்களுக்கும் மாதம் ஆளுக்கு 5 கிலோ அரிசி, ஒன்றரை கிலோ பருப்பு, சத்து மாத்திரைகள். 2023-ல் 'லான்செட்' இதழில் முடிவு வந்தது. வீட்டாருக்கும் அரிசி, பருப்பு கொடுத்த குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்திருந்தது. நுரையீரல் காசநோய் மட்டும் என்று பார்த்தால் 48 சதவீதம். அரிசியும் பருப்பும் ஒரு தடுப்பூசி போல வேலை செய்திருக்கின்றன! காசநோயாளிகளுக்கு ஒன்றிய அரசு தரும் ஊட்டச்சத்துத் தொகை 2018-ல் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கி, 2024 நவம்பரில்தான் 1,000 ஆனது.

இரண்டிலும் உடம்பு கொடுத்தவர்கள் ஏழைகள்தான். கேள்வியில் யாருடைய வயிறு இருந்தது என்பதில்தான் வித்தியாசம்.

கையெழுத்து யாருடையது?

பங்கேற்பு என்ற பெயரில் நடந்த ஒரு கொடுமையையும் சொல்லாமல் இருக்க முடியாது. கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. ஊசியை, 2009-ல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும், 10 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்குப் போட்டார்கள். 'பாத்' என்ற அமெரிக்க அமைப்பும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நடத்திய திட்டம். கம்மத்தில் மட்டும் சுமார் 14,000 பேர். பழங்குடிச் சிறுமிகள் பலர். ஏழு சிறுமிகள் இறந்தார்கள். 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. அந்தச் சாவுகளுக்கு ஊசி காரணமல்ல என்றது அரசு அமைத்த விசாரணைக் குழு. அந்த ஊசி உலகம் முழுக்கப் பெண்களைக் காப்பாற்றி வருவதும் உண்மை. நம் பெண் பிள்ளைகளுக்கு அவசியம் போட வேண்டிய ஊசி அது. கம்மத்தில் சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. விடுதியில் தங்கிப் படித்த பிள்ளைகளின் ஒப்புதல் படிவங்களில் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்களும் தலைமை ஆசிரியர்களும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். நாடாளுமன்ற நிலைக்குழு 2013-ல் இதைக் கடுமையாகக் கண்டித்தது. ஆதிதிராவிடர் நல விடுதியில் படித்து வளர்ந்தவன் நான். காப்பாளர் 'வரிசையில் நில்' என்றால் எதற்கென்று கேட்கிற துணிச்சல் எங்களில் யாருக்கும் இருந்ததில்லை.

ஒப்புதல் படிவம் என்றதும் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. மூன்று பக்கப் படிவம். 'உயிரியல் மாதிரிகள்', 'தன்னார்வப் பங்கேற்பாளர்', 'எவ்விதப் பாதகமுமின்றி விலகிக்கொள்ளும் உரிமை', 'இரகசியத்தன்மை பேணப்படும்'. முதுகலைத் தமிழ் படித்த எனக்கே சில வரிகளை இரண்டு முறை வாசிக்க வேண்டியிருந்தது. வேன் மறித்த பையனையும் பிளஸ் டூ முடித்த ஒரு பெண்ணையும் பக்கத்தில் உட்காரவைத்து, ஒவ்வொரு வரியையும் பேச்சுக்கு மாற்றினோம். 'பிடிக்கலன்னா எப்ப வேணா வேணாம்னு சொல்லலாம். அதுக்காக ஆஸ்பத்திரியில உங்களுக்கு மருந்து குடுக்காம இருக்க மாட்டாங்க' என்று வந்தது ஒரு வரி. அதைக் கேட்டதும் இரண்டு பெண்கள், "அப்டியா? வேணாம்னு கூட சொல்லலாமா?" என்றார்கள். நாலு வருடம் முன்பு கைநாட்டு வைத்தபோது அவர்களுக்கு இது தெரியாது.

மூன்றாம் பக்கத்தின் கடைசியில் 'மாதிரிகள் எதிர்கால ஆய்வுகளுக்கும் பயன்படுத்தப்படலாம்' என்று ஒரு வரி. "எந்த ஆய்வு? யாரு செய்வாங்க?" என்று கேட்டான் பையன். மருத்துவரிடம் பதில் இல்லை.

இதெல்லாம் நாம் புதிதாகக் கேட்கிற சலுகை இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-ல் வெளியிட்ட நெறிமுறைகளிலேயே இருக்கிறது. பங்கேற்பவருக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும். பயணச் செலவையும் கூலி இழப்பையும் ஈடுகட்டலாம். ஆய்வைத் திட்டமிடும்போதே சமூகத்தாரோடு பேச வேண்டும். நெறிமுறைக் குழுவில் மருத்துவர் அல்லாத பொதுமனிதர் ஒருவர் இருக்க வேண்டும். அந்தப் பொதுமனிதர் காலனியிலிருந்தும் வரலாம் என்று யாருக்காவது தோன்றியிருக்கிறதா? தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனைக்கு அயோத்திதாசப் பண்டிதரின் பெயர் வைத்திருக்கிறார்கள். அவர் சித்த மருத்துவர். மருத்துவம் தெரிந்தவராக, நோயைப் பற்றி எழுதியும் பேசியும் வந்தவராக நமக்கு ஒரு முன்னோர் இருக்கிறார். இன்று நாம் வெறும் 'மாதிரி'.

நாம் சேர்க்கப்படாத இடங்களில் கருவிகள்கூடப் பொய் சொல்லும். கொரோனாவின் இரண்டாம் அலையில், விரல்நுனியில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கும் கருவியை வைத்துக்கொண்டு நம் பிள்ளைகள் தெருத்தெருவாகப் போனது நினைவிருக்கும். 2020 டிசம்பரில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் ஒன்றைக் கண்டு சொன்னார்கள். கருவி 92-லிருந்து 96 வரை காட்டும்போது உண்மையில் ஆக்சிஜன் ஆபத்தான அளவுக்கு, 88-க்கும் கீழே இறங்கியிருந்தது, வெள்ளையரில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம். கறுத்த தோலில் அந்தக் கருவியைப் போதுமான அளவு சோதித்துப் பார்க்காததன் விளைவு. வெயிலில் வெந்து கறுத்த விரல்களில் அதை மாட்டி, 94 என்று பார்த்து, 'பயமில்லை, வீட்டிலேயே இருங்க' என்று நாமும் சொல்லியிருக்கிறோம்.

அன்று ரத்தம் எடுக்கவில்லை. மரத்தடியிலேயே ஒரு பேச்சுவார்த்தை நடந்தது. முடிவுகளைப் பதினைந்து நாளில் தமிழில், ஒவ்வொருவர் கையிலும் கொடுக்க வேண்டும். சர்க்கரையோ அழுத்தமோ அதிகம் உள்ளவர்களின் பட்டியல், அவர்கள் சம்மதத்தோடு, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். வீடுவீடாகக் கேள்வி கேட்க வரும் குழுவில் அதே தெருப்பெண் ஒருத்தி சம்பளத்தோடு இருக்க வேண்டும். ஊருக்கும் காலனிக்கும் கணக்கைத் தனித்தனியாகப் போட வேண்டும். எடுத்த ரத்தத்தை வேறு ஆய்வுக்குக் கொடுப்பதானால் மறுபடி வந்து கேட்க வேண்டும். இவற்றோடு பெண்கள் தாங்களாக ஒன்றைச் சேர்த்தார்கள். காலனியை ஒட்டி ஊராட்சிக் குப்பையைக் கொட்டி எரிக்கிறார்கள். ராத்திரியில் புகை வீட்டுக்குள் வருகிறது, பிள்ளைகள் இருமுகின்றன. "சக்கரையை எழுதற நோட்டுலயே அதையும் எழுது."

மருத்துவர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். கிளம்பும்முன் திண்ணைக்குப் போய், எந்தப் படிவமும் இல்லாமல், அந்தப் பெரியவரின் இடது காலை மடியில் வைத்து விரல் விரலாகப் பார்த்தார். சுண்டுவிரலில் சின்னப் புண் ஒன்று. சீட்டு எழுதிக் கொடுத்து, நாளைக்கே போகச் சொன்னார்.

பத்து நாள் கழித்து அழைத்தார். முடிவுகளைக் கையில் கொடுப்பது, சுகாதார நிலையத்துக்குப் பட்டியல் அனுப்புவது, தெருப்பெண்ணுக்கு வேலை இவற்றுக்குத் துறைத்தலைவர் ஒப்புக்கொண்டுவிட்டார். சாதியைக் கேட்பதும் ரத்தத்தைச் சேமிப்பதும் நெறிமுறைக் குழுவுக்குப் போயிருக்கின்றன. குப்பைப் புகை இந்த ஆய்வின் தலைப்புக்குள் வராது, அடுத்த ஆய்வில் பார்க்கலாம் என்றார்களாம்.

காலனியில் இதைச் சொன்னேன். "அப்டீன்னா ரத்தமும் அடுத்த ஆய்வுக்கே குடுக்கறோம்னு சொல்லு தம்பி" என்றார் அந்த அம்மாள். எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை மரத்தடியில் மறுபடி கூட்டம் வைத்திருக்கிறோம். மருத்துவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.